பெயரைக் கொடுத்து அமைப்பு வரையச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

#1 வத்தக்குழம்பு

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமைப்பைக் கொடுத்து ஐயுபிஏசி பெயர் (உலகப் பொது விதிப்படி வைக்கும் முறையான பெயர்) கேட்டால் தட்டுத்தடுமாறியாவது எழுதிவிடுவேன். பெயரைக் கொடுத்து வரையச் சொன்னால் பேனா நகர மாட்டேன் என்கிறது. பென்டேன், ஹெக்சேன் அளவில் பிரச்சினை இல்லை. அடைப்புக்குறி வந்தால் போச்சு.

இப்போது மாட்டியிருப்பது மிளகாயின் காரம், அதாவது கேப்சைசின்:

(6இ)-என்-[(4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிஃபீனைல்)மெத்தில்]-8-மெத்தில்நோன்-6-ஈனமைடு

படத்தைத் தேடினால் நொடியில் கிடைக்கும், அது வேண்டாம். பெயரிலிருந்தே படத்துக்கு வர வேண்டும். இரண்டு இடத்தில் சிக்குகிறேன். சதுர அடைப்பின் கடைசியில் ஒரு "மெத்தில்" இருக்கிறதே, அது வளையத்தில் எந்த இடத்தில் ஒட்டுகிறது? எண்ணே தரவில்லை. அப்புறம் 6, 4, 3, 8, மறுபடி 6 என்று எண்கள் வருகின்றன. எது எந்தக் கார்பனுடைய எண்?

#2 ஜிக்ஜாக்

வாலைப் பிடி. கடைசியிலிருந்து முன்னால் வா. அவ்வளவுதான்.

#3 வத்தக்குழம்பு

ப்ரோ, ஒரு தடவை செய்து காட்டினால் புண்ணியமாகப் போகும்.

#4 எஸ்டர்_எழில்

ஜிக்ஜாக் சொன்னது சரிதான், நான் விரித்துச் சொல்கிறேன். தாளில் வரைந்துகொண்டே படி.

முதலில் ஒரு விஷயம். பெயர் வைக்கும்போதுதான் நீளமான சங்கிலி எது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது, எந்தத் தொகுதிக்கு முன்னுரிமை, அகர வரிசை என்ன என்ற தலைவலி எல்லாம். வரையும்போது அதில் ஒன்றும் கிடையாது. பெயர் வைத்தவர் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார், அவர் சொன்னபடி கட்டினால் போதும். எனவே பெயரிடுவதைவிட வரைவதுதான் எளிது என்பது என் கட்சி. பல பேர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

இனி கேப்சைசின். வாலில் இருப்பது "அமைடு". ஒரு கார்பன், அதில் இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன், பக்கத்தில் நைட்ரஜன். அதற்கு முன்னால் "நோன்", ஒன்பது கார்பன். அமைடின் கார்பனும் இந்த ஒன்பதில் சேர்த்திதான், அதுவே 1. அங்கிருந்து ஜிக்ஜாக் கோடாக 9 வரை இழுத்து, ஒவ்வொரு முனைக்கும் பென்சிலில் எண் போடு. எண் போடாமல் வரைகிறவர்கள்தான் இடம் மாறிப்போய் நிற்கிறார்கள்.

"6-ஈன்" என்றால் 6க்கும் 7க்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு. "8-மெத்தில்" என்றால் 8ஆம் கார்பனில் ஒரு கிளைக் கோடு. சங்கிலிப் பக்கம் முடிந்தது.

அடுத்து "என்-". இது எண் இல்லை, நைட்ரஜன். இதற்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் இருக்கும் மொத்தமும் நைட்ரஜனில் தொங்கும் ஒரே துண்டு. அந்தத் துண்டையும் வாலிலிருந்தே படி. கடைசியில் "மெத்தில்". ஆக, நைட்ரஜனில் நேரடியாக ஒட்டுவது ஒரு கார்பன். அந்த மெத்திலின் மேல்தான் வட்ட அடைப்பில் உள்ள ஃபீனைல், அதாவது பென்சீன் வளையம், உட்கார்ந்திருக்கிறது. உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: மெத்தில் வளையத்தில் ஒட்டவில்லை, வளையம் மெத்திலில் ஒட்டுகிறது. மெத்திலில் இருப்பது ஒரே கார்பன், வேறு இடமே கிடையாது, அதனால் எண் தேவைப்படவில்லை.

கடைசியாக வளையம். வட்ட அடைப்புக்குள் இருக்கும் 4, 3 இரண்டும் வளையத்துக்கு மட்டும் சொந்தம். சங்கிலியின் எண்ணோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. ஃபீனைலில் எந்தக் கார்பன் வெளியே இணைகிறதோ அது 1. அதற்கு நேர் எதிரே 4, அங்கே ஓஎச். பக்கத்தில் 3, அங்கே மெத்தாக்சி. மெத்தாக்சி என்றால் வளையத்தை முதலில் தொடுவது ஆக்சிஜன், அதன் பிறகுதான் கார்பன்.

(6இ) பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் இதுவரை வரைந்துவிட்டு மூலக்கூறு வாய்ப்பாட்டை எண்ணிச் சொல்.

#5 வத்தக்குழம்பு

அக்கா, அடைப்புக்குள் தனி எண், வெளியே தனி எண் என்பது இவ்வளவு நாள் தெரியாமல் போச்சு!

எண்ணினேன்: கார்பன் 18, ஹைட்ரஜன் 27, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3. சரியா? சரி என்றால், வினாத்தாளில் வாய்ப்பாடு தராதபோது நான் வரைந்தது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#6 எஸ்டர்_எழில்

சரி. அமைடு நைட்ரஜன் மேல் இருக்கும் ஹைட்ரஜனை விடாமல் எண்ணியிருக்கிறாய். கோட்டு வடிவில் கார்பன் மேல் இருக்கும் ஹைட்ரஜனைத்தான் எழுதாமல் விடலாம். ஆக்சிஜன், நைட்ரஜன் மேல் இருப்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

சரிபார்க்க நிறைவுறாமை எண் இருக்கிறது, அதாவது வளையங்களும் கூடுதல் பிணைப்புகளும் சேர்ந்து எத்தனை என்ற எண்ணிக்கை. கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி 2 கூட்டு, நைட்ரஜனைக் கூட்டு, ஹைட்ரஜனைக் கழி, பாதியாக்கு. இங்கே 36 + 2 + 1 − 27 = 12, பாதி 6. படத்தில் பென்சீன் வளையத்துக்கு 4, கார்பனைலுக்கு (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) 1, சங்கிலியின் இரட்டைப் பிணைப்புக்கு 1, ஆக 6. ஒத்துப்போகிறது. ஹாலஜன் இருந்தால் அதையும் ஹைட்ரஜனோடு சேர்த்துக் கழி. ஆக்சிஜனைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

ஆனால் இது எண்ணிக்கைப் பிழையை மட்டும்தான் காட்டும். மெத்தில் 8க்குப் பதில் 7இல் இருந்தாலும் கணக்கு அப்படியே ஒத்துப்போகும். அதற்கு ஒரே வழி, வரைந்த பிறகு படத்தை மட்டும் பார்த்துப் பெயரைத் திரும்ப எழுதிப் பார்ப்பது.

#7 கரையோரன்

வணக்கம். நான் இலங்கையில் உயர்தரத்துக்குப் படிக்கிறேன். சேதன இரசாயனத்தில் எனக்கும் இதே பிரச்சினைதான். அமைட்டின் காபனும் ஒன்பதுக்குள் அடங்கும் என்று அக்கா சொன்னீங்கள். ஆனால் சைக்ளோஹெக்சேன்காபொட்சிலிக் அமிலத்தில் வளையத்துக்கு ஆறு, அமிலத்துக்கு ஒன்று என்று ஏழு காபன் வருகுதே. அங்கே ஏன் அடங்கவில்லை? எப்போது சேர்த்து எண்ணுவது, எப்போது தனியாக எண்ணுவது?

#8 பழைய_ஆய்வகம்

தம்பி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்திருக்கிறேன். விடைத்தாளில் ஒரு கார்பன் கூடிப்போவதற்கும் குறைந்துபோவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பின்னொட்டில் "கார்ப்" என்ற ஒலி இருக்கிறதா என்று பாருங்கள். கார்பாக்சிலிக் அமிலம், கார்பால்டிஹைடு, கார்போநைட்ரைல், கார்பாக்சமைடு ஆகியவை தங்கள் கார்பனைத் தாங்களே கொண்டுவருகின்றன. மூலச் சொல் சொல்லும் கார்பனுக்கு மேல் அது கூடுதல். "கார்ப்" இல்லாத ஓயிக் அமிலம், ஆல் (ஆல்டிஹைடைக் குறிப்பது, ஆல்கஹாலை அல்ல), நைட்ரைல், அமைடு ஆகியவற்றில் சங்கிலியின் கடைசிக் கார்பனே அந்தத் தொகுதியின் கார்பன். பியூட்டேன்நைட்ரைலில் மொத்தம் 4 கார்பன். சைக்ளோஹெக்சேன்கார்போநைட்ரைலில் 7.

சங்கிலியிலும் இது வரும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 2-ஹைட்ராக்சிபுரப்பேன்-1,2,3-டிரைகார்பாக்சிலிக் அமிலம். "புரப்பேன்" என்றதும் மூன்று கார்பனில் நிறுத்திவிடுவார்கள். மூன்று கார்பனிலும் ஒவ்வோர் அமிலத் தொகுதி கூடுதலாக வரும், மொத்தம் ஆறு. நடுக் கார்பனில் அமிலத் தொகுதியோடு ஓஎச்சும் இருக்கும். ஏன் இப்படிப் பெயர்? ஒரே சங்கிலிக்குள் இரண்டு முனையின் அமிலத்தைத்தான் அடக்க முடியும், மூன்றாவதுக்கு முனை கிடையாது.

முன்னொட்டிலும் கவனம் வேண்டும். "சயனோ" தன் கார்பனோடு வரும். "ஆக்சோ" வெறும் ஆக்சிஜன் மட்டும்தான், ஏற்கெனவே இருக்கும் கார்பனில் இரட்டைப் பிணைப்பில் உட்காரும். 3-ஆக்சோபியூட்டனோயிக் அமிலத்தில் நான்கே கார்பன்.

#9 கரையோரன்

நன்றி சேர். "கார்ப்" என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

#10 மருந்துக்கடை

பி.ஃபார்ம். முடித்தவன் என்ற முறையில் ஒரு எதிர்க்கருத்து. எழில் சொல்வதுபோல் ஒவ்வொரு அடைப்பையும் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தால் தேர்வில் நேரம் போதாது. நாங்கள் துண்டுகளைப் படமாகவே மனப்பாடம் செய்துவிடுவோம். ஃபீனைல், பென்சைல், அசெட்டைல், அசெட்டாக்சி, ஐசோபியூட்டில் எல்லாம் பார்த்தவுடன் கை போட வேண்டும்.

வலி மாத்திரையில் இருக்கும் இபுபுரோஃபன்: 2-[4-(2-மெத்தில்புரப்பைல்)ஃபீனைல்]புரப்பனோயிக் அமிலம். எனக்கு இது மூன்றே துண்டு. மூன்று கார்பன் அமிலம், நடுக் கார்பனில் பென்சீன், அதற்கு எதிர்முனையில் ஐசோபியூட்டில். பத்து நொடி.

#11 எஸ்டர்_எழில்

> பத்து நொடி.

"2-மெத்தில்புரப்பைல்" என்பதைப் பார்த்ததும் ஐசோபியூட்டில் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது பிரித்துப் படித்துப் பழகியதால் வந்தது. புதிதாகப் படிக்கிறவர்களிடம் நேரடியாக மனப்பாடத்தைக் கொடுத்தால் ஐசோபியூட்டிலையும் செக்-பியூட்டிலையும் மாற்றிப் போடுவார்கள். 2-மெத்தில்புரப்பைல் என்ற பெயரிலேயே வழி இருக்கிறது: மூன்று கார்பன், முதல் கார்பனில் இணைப்பு, இரண்டாவதில் மெத்தில். பியூட்டேன்-2-ஐல் என்றால் நான்கு கார்பன், இரண்டாவதில் இணைப்பு. இணைப்பு எங்கே என்பதை "ஐல்"லுக்கு முன்னால் இருக்கும் எண் சொல்லும். எண் இல்லாவிட்டால் 1.

ஐயுபிஏசியின் 2013 பரிந்துரைகளில் ஐசோபியூட்டில், செக்-பியூட்டில் இரண்டையும் ஒதுக்கிவிட்டார்கள். டெர்ட்-பியூட்டில் மட்டும் இன்னும் தங்கியிருக்கிறது. அதனால் இன்றைய பெயர்களைப் படிக்க மனப்பாடத்தைவிடப் பிரித்துப் படிப்பதே உதவும்.

#12 மருந்துக்கடை

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 2013 எல்லாம் பார்க்க முடியாது, பழைய பெயரும் தெரிந்திருக்க வேண்டும் :) ஆனால் முதலாண்டு மாணவருக்கு உங்கள் வழிதான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு கூடுதல் செய்தி. பெயரில் எண்ணே இல்லாவிட்டால் உங்கள் வழியும் என் வழியும் இரண்டுமே படுத்துவிடும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறதே, அதன் விரிவு டைகுளோரோடைஃபீனைல்டிரைகுளோரோஈத்தேன். இதை வைத்து ஒரே ஒரு படம் வரையவே முடியாது. குளோரின் வளையத்தில் எங்கே, இரண்டு ஃபீனைலும் ஒரே கார்பனிலா வேறு வேறு கார்பனிலா, ஒன்றும் சொல்லவில்லை. முறையான பெயர் 1,1,1-டிரைகுளோரோ-2,2-பிஸ்(4-குளோரோஃபீனைல்)ஈத்தேன். இப்போது சந்தேகமே இல்லை. ஒரு கார்பனில் மூன்று குளோரின். அடுத்த கார்பனில் இரண்டு வளையம், மிஞ்சுவது ஒரு ஹைட்ரஜன். ஒவ்வொரு வளையத்திலும் இணைப்புக்கு எதிரே ஒரு குளோரின்.

#13 வத்தக்குழம்பு

"பிஸ்" என்றால் "டை"தானே? அப்புறம் ஏன் தனிப் பெயர்?

#14 ஜிக்ஜாக்

அடைப்புக்குறிக்குள் இருக்கும் சிக்கலான துண்டு இரண்டு தடவை வந்தால் பிஸ், மூன்று தடவை என்றால் டிரிஸ். "டைகுளோரோஃபீனைல்" என்று எழுதினால் ஒரே வளையத்தில் இரண்டு குளோரினா, குளோரோஃபீனைல் இரண்டா என்று குழம்பும். "பிஸ்(குளோரோஃபீனைல்)" என்றால் குழப்பமில்லை. வரையும்போது பிஸ்ஸைப் பார்த்தால் அடைப்புக்குள் இருப்பதை அப்படியே இரண்டு பிரதி எடு.

அப்புறம் எல்லோரும் இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பதில் ஓப்சின் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான கருவி இருக்கிறது, இலவசம். பெயரைப் போட்டால் படம் வரும். கெம்டிரா என்ற வரையும் மென்பொருளிலும் அந்த வசதி உண்டு. 2026லும் கையில் வரைய வேண்டுமா என்ன?

#15 பழைய_ஆய்வகம்

தேர்வு அறையில் யார் ஓப்சினைத் திறந்துவைப்பது? இருக்கட்டும். சரிபார்க்க நல்ல கருவிதான், நானே பயன்படுத்துகிறேன். நீங்கள் வரைந்து முடித்த பிறகு போட்டுப் பாருங்கள். முன்னாலேயே போட்டால் எந்த இடத்தில் உங்கள் வாசிப்பு தடம் மாறியது என்பது கடைசி வரை தெரியாமலே போகும். பெயரில் ஓர் அடைப்புக்குறி இடம் மாறிவிட்டால் கருவி தயங்காமல் வேறொரு சேர்மத்தை வரைந்து கொடுக்கும், அது தப்பு என்று கண்டுபிடிக்க உங்களுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வத்தக்குழம்பு எடுத்துக்கொண்ட சேர்மத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. அதைப் படிகமாகப் பிரித்துக் கேப்சைசின் என்று பெயரிட்டவர் ஜான் கிளவ் திரெஷ், 1876இல். நெல்சன் 1919இல் அமைப்பைப் பெருமளவு கண்டறிந்தார். ஷ்பேத்தும் டார்லிங்கும் 1930இல் ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டினார்கள். இன்று நாம் ஒரே வரியில் படிக்கும் பெயருக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை இருக்கிறது.

#16 வத்தக்குழம்பு

சார், அருமை. எழில் அக்கா, (6இ) பாக்கி இருக்கிறது.

#17 எஸ்டர்_எழில்

மறக்கவில்லை. 6ஆம் கார்பனில் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார். ஒன்று ஹைட்ரஜன், இன்னொன்று 5ஆம் கார்பன். 7இல் ஹைட்ரஜன், 8ஆம் கார்பன். அணு எண் பெரியதற்கு முன்னுரிமை, எனவே 5உம் 8உம் முன்னுரிமைத் தொகுதிகள். "இ" என்றால் இந்த இரண்டும் இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கம். "இசட்" என்றால் ஒரே பக்கம்.

ஜிக்ஜாக்காக இழுத்துக்கொண்டு போனால் சங்கிலி தானாகவே "இ"யாகத்தான் வரும். அதனால் கேப்சைசினுக்கு நீ தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "இசட்" கேட்டால்தான் சங்கிலியை அந்த இடத்தில் மடக்க வேண்டும். இதே சேர்மத்தின் "இசட்" வடிவம் சுகாப்சைசின் என்ற பெயரில் மருந்தாக இருக்கிறது. அதாவது அந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் வரைந்தால் வேறு சரக்கு.

#18 கரையோரன்

அக்கா, ஜெரானியோல் என்று ஒன்றைப் பார்த்தேன்: (2இ)-3,7-டைமெதைல்ஒக்டா-2,6-டையீன்-1-ஓல். இரண்டு இரட்டைப் பிணைப்பு இருக்குது, ஆனால் 2க்கு மட்டும் "இ" தந்திருக்கினம். 6க்கு எழுத மறந்துவிட்டினமா?

#19 எஸ்டர்_எழில்

மறக்கவில்லை, தேவைப்படவில்லை. எட்டுக் கார்பன் இழுத்து, 3இலும் 7இலும் மெத்தில் வைத்துப் பாருங்கள். 7ஆம் கார்பனில் ஒரு பக்கம் 8ஆம் கார்பன், அது ஒரு மெத்தில். மறுபக்கம் கிளையாக வைத்தது, அதுவும் மெத்தில். இரண்டும் ஒன்றேயானால் எப்படித் திருப்பினாலும் அதே மூலக்கூறுதான், வடிவ மாற்றியம் கிடையாது.

2-3 பிணைப்பில் கதை வேறு. 2ஆம் கார்பனில் ஹைட்ரஜனும் 1ஆம் கார்பனும். 3இல் மெத்திலும் 4ஆம் கார்பனும். 1உம் 4உம் எதிரெதிரே இருந்தால் ஜெரானியோல். ஒரே பக்கம் இருந்தால் நெரோல்.

#20 வத்தக்குழம்பு

ஆர், எஸ் வந்தால்? மெந்தால் பெயரைப் பார்த்து மூடி வைத்துவிட்டேன்: (1ஆர்,2எஸ்,5ஆர்)-5-மெத்தில்-2-(புரப்பேன்-2-ஐல்)சைக்ளோஹெக்சேன்-1-ஆல்.

#21 எஸ்டர்_எழில்

ஆர், எஸ் என்பவை ஒரு கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் எந்தச் சுற்றில் அமைந்திருக்கின்றன என்பதற்கான குறிகள். முதலில் அவற்றை மறந்துவிட்டுச் சாதாரணமாக வரை. அறுகோணம், 1இல் ஓஎச், 2இல் ஐசோபுரப்பைல் (புரப்பேன்-2-ஐல்தான் அது), 5இல் மெத்தில். பிறகு மூன்று தொகுதிகளையும் யோசிக்காமல் தடித்த ஆப்புக் கோட்டில் (தாளுக்கு முன்னால் நீட்டுவது) போடு. இப்போது ஒவ்வொரு கார்பனாக ஆரா எஸ்ஸா என்று கண்டுபிடி. கேட்டதோடு ஒத்துவந்தால் விடு, மாறாக வந்தால் அந்த ஆப்பை விட்டுவிட்ட கோடாக (தாளுக்குப் பின்னால் போவது) மாற்று. முதலிலேயே சரியாகப் போட முயல்வதைவிட இது ரொம்ப வேகம்.

மெந்தாலில் சிக்கலே 5ஆம் கார்பன்தான். அதன் இரண்டு பக்கமும் வளையக் கார்பன்கள், 4உம் 6உம். இரண்டிலும் ஒட்டியிருப்பவை ஒரே மாதிரி, சமநிலை. இன்னும் ஓர் அடி தள்ளிப் போ. 6க்கு அடுத்தது 1, அங்கே ஆக்சிஜன் இருக்கிறது. 4க்கு அடுத்தது 3, அங்கே இல்லை. ஆகவே 6க்கு முதலிடம், 4க்கு இரண்டு, மெத்திலுக்கு மூன்று. இப்படி ஆர், எஸ் பார்க்க வேண்டிய மூன்று மையம் இருப்பதால் எட்டு மாற்றியங்கள் (இணைப்பு ஒன்றே, வெளியில் அமைப்பு மட்டும் வேறு). அதில் ஒன்றைத்தான் அந்தப் பெயர் கேட்கிறது.

#22 ஜிக்ஜாக்

நடுவில் ஒன்று. முப்பிணைப்பை யாரும் ஜிக்ஜாக்காக வளைக்காதீர்கள். ஹெக்ஸ்-2-ஐன் என்றால் 1, 2, 3, 4 நான்கும் ஒரே நேர்கோட்டில். பார்க்கும் விடைத்தாளில் எல்லாம் வளைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

#23 கரையோரன்

சேர், கற்பூரத்தின் பெயர் 1,7,7-டிரைமெதைல்பைசைக்ளோ[2.2.1]ஹெப்டேன்-2-ஓன். சதுர அடைப்புக்குள் புள்ளி வைத்து எண்கள் இருக்குது. இது அக்கா சொன்ன அடைப்புக்குறி மாதிரித் தெரியவில்லையே?

#24 பழைய_ஆய்வகம்

இது வேறு வகை. இரண்டு வளையங்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு முனைக் கார்பன்கள் உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று பாதைகள். பாதையில் எத்தனை கார்பன் என்பதுதான் 2.2.1. கூட்டினால் 5, முனைகள் இரண்டையும் சேர்த்தால் 7, பெயரிலும் ஹெப்டேன். இந்தக் கூட்டல் ஒத்துவராவிட்டால் மேலே போகாதீர்கள்.

வரைய எளிய வழி: முதலில் 2, 2 என்ற பெரிய பாதைகளை மட்டும் எடுங்கள். முனைகளையும் சேர்த்தால் ஆறு கார்பன், ஓர் அறுகோணம். ஒரு முனைக்கு 1 போட்டுச் சுற்றி வாருங்கள். 4 என்பது எதிர் முனையாக வரும், 5, 6 போட்டால் சுற்று முடிந்தது. பாக்கி இருக்கும் ஒற்றைக் கார்பன் 7, அதை 1க்கும் 4க்கும் நடுவே பாலமாகப் போடுங்கள். சட்டகம் தயார்.

2இல் கீட்டோன். 1இல் ஒரு மெத்தில், பாலத்தின் தலையில் இருக்கும் 7இல் இரண்டு மெத்தில். எண்ணிப் பாருங்கள், கார்பன் 10, ஹைட்ரஜன் 16, ஆக்சிஜன் 1. நிறைவுறாமை எண் 3, அதாவது வளையம் இரண்டு, கார்பனைல் ஒன்று. 1, 4 இரண்டும் கைரல் மையங்கள், அதாவது ஆர், எஸ் பார்க்க வேண்டியவை. இரண்டு மையம் என்றால் நான்கு மாற்றியம் என்று எழுதிவிடாதீர்கள். பாலம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் ஒன்றை மட்டும் தனியாகத் திருப்ப முடியாது, கற்பூரத்துக்கு இரண்டே வடிவங்கள்.

#25 கரையோரன்

வரைந்தேன் சேர், பத்துக் காபன் சரியாக வருகுது. வகுப்பில் பார்த்த படத்தில் பாலம் எங்கே போகிறது என்றே விளங்கவில்லை. அறுகோணமாகப் போட்டால் விளங்குது.

#26 வத்தக்குழம்பு

ஒரு சந்தேகம். பயிற்சித் தாளில் "2-எத்தில்பென்டேன் வரைக" என்று இருக்கிறது. வரைந்தால் நீளமான சங்கிலி ஆறு கார்பனாக வருகிறது. பெயரே தப்பு இல்லையா? வரையலாமா கூடாதா?

#27 ஜிக்ஜாக்

கேட்டதை வரை, மதிப்பெண்ணை வாங்கு. பெயரைத் திருத்துவது உன் வேலை இல்லை.

#28 பழைய_ஆய்வகம்

மன்னிக்கவும், நான் இதை ஏற்கவில்லை. தப்பான பெயரிலிருந்தும் சரியான படம் கிடைக்கும் என்பது உண்மை. 2-எத்தில்பென்டேன் சொல்வது 3-மெத்தில்ஹெக்சேனைத்தான். வரையுங்கள், ஆனால் பக்கத்திலேயே சரியான பெயரை எழுதுங்கள். திருத்துகிறவருக்கும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வரையவில்லை என்று தெரியும்.

அதே சமயம் புத்தகத்தில் வேறு மாதிரிப் பெயர் இருந்தாலே தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்று ஒரு பெயர். பழைய விதிப்படி இரட்டைப் பிணைப்பைச் சங்கிலிக்குள் கொண்டுவர வேண்டும், அதனால் ஐந்து கார்பன். 2013 பரிந்துரைப்படி நீளத்துக்கே முதலிடம், அதனால் 3-மெத்திலிடீன்ஹெக்சேன். இரண்டையும் வரைந்து பாருங்கள், ஒரே படம். பள்ளிப் புத்தகங்களில் பெரும்பாலும் பழைய விதிதான் இருக்கிறது. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன்.

#29 ஜிக்ஜாக்

சார் சொன்னால் சரி. ஆனால் ஒரு மதிப்பெண் கேள்வியில் இவ்வளவு எழுத நேரம் இருக்காது என்பதையும் பதிவு செய்கிறேன்.

#30 மருந்துக்கடை

வத்தக்குழம்பு, கேப்சைசின் முடிந்தது என்றால் மிளகுக்கு வா. பிப்பெரின்:

(2இ,4இ)-5-(2எச்-1,3-பென்சோடையாக்சால்-5-ஐல்)-1-(பிப்பெரிடின்-1-ஐல்)பென்டா-2,4-டையீன்-1-ஓன்

படம் பார்க்காமல் வரை.

#31 வத்தக்குழம்பு

முயற்சி செய்தேன். வாலில் "1-ஓன்", ஐந்து கார்பன், 1இல் கார்பனைல். 2-3, 4-5 இரட்டைப் பிணைப்புகள், இரண்டும் "இ" என்பதால் ஜிக்ஜாக் அப்படியே போகிறது. 1இல் பிப்பெரிடின், அது ஆறு உறுப்பு வளையம், அதில் ஒன்று நைட்ரஜன். "1-ஐல்" என்றால் நைட்ரஜன் வழியாக இணைப்பு. 5இல் பென்சோடையாக்சால்: பென்சீனோடு ஒட்டிய ஐந்து உறுப்பு வளையம், 1இலும் 3இலும் ஆக்சிஜன், வளையத்தின் 5ஆம் இடத்தில் சங்கிலி.

கார்பன் 17, ஹைட்ரஜன் 19, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3. நிறைவுறாமை எண் 9. பென்சீன் 4, மற்ற இரண்டு வளையம் 2, கார்பனைல் 1, இரட்டைப் பிணைப்பு 2. ஒத்துவருகிறது!

இரண்டு கேள்வி மிச்சம். பெயரில் கீட்டோன் என்கிறது, ஆனால் கார்பனைல் பக்கத்தில் நைட்ரஜன் இருக்கிறது. இது அமைடு இல்லையா? அப்புறம் அந்த "2எச்" எதற்கு?

#32 எஸ்டர்_எழில்

அமைடுதான். நைட்ரஜன் ஒரு வளையத்தின் உறுப்பாக மாட்டிக்கொண்டிருந்தால் பெயரை இப்படி "ஓன்" போட்டு முடிக்கிறார்கள். வரையும்போது அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் வினை எழுதும்போது கீட்டோன் என்று நினைத்துவிடாதே. அமிலத்தோடோ காரத்தோடோ நீராற்பகுத்தால் பிப்பெரிக் அமிலமும் பிப்பெரிடினும் பிரிந்து வரும், அது அமைடின் குணம்.

2எச் என்பது வளையத்தின் 2ஆம் இடத்தில் இருக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்பில் சேராமல் கூடுதல் ஹைட்ரஜனோடு நிற்கிறது என்பதற்கான குறி. இரண்டு ஆக்சிஜனுக்கும் நடுவே நீ இரண்டு ஹைட்ரஜனோடு ஒரு கார்பன் போட்டிருப்பாய், அதுதான். 19 வந்திருப்பதால் சரியாகத்தான் போட்டிருக்கிறாய்.